ருசியும் குடியும்

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் எங்கள் தென்காசிக்காரர்களுக்குள் ஒரு வழக்கு ஆரம்பமாகிவிடும். எந்த அருவி உசத்தி என்பதுதான் வழக்கு. பேரருவியில் தலையைக் கொடுத்தால் தோளில் நாலு பேர் ஏறி மிதிக்கிற மாதிரி இருக்கும், அதுதான் குளியல் என்பார் ஒருவர். ஐந்தருவித் தண்ணீருக்குள்ள பதம் வேறு எதற்கும் கிடையாது என்பார் இன்னொருவர். பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி என்று ஆளுக்கொரு கட்சி. எல்லாம் ஒரே மலையிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீர்தானே என்று வெளியூர்க்காரர் யாராவது சொல்லிவிட்டால், எல்லாக் கட்சிக்காரர்களும் ஒன்று சேர்ந்து அவரைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் தலையில் விழுகிற அடியை வைத்தே எந்த அருவி என்று சொல்லிவிடுவேன் என்று என் தாய்மாமா ஒருவர் பந்தயம் கட்டுவார். யாரும் அவர் கண்ணைக் கட்டிப் பார்த்ததில்லை.

ஆகையால் ஒன்றோடொன்றை ஒப்பிட்டு ருசி பார்க்கிற காரியம் எங்களுக்குப் புதிதல்ல. இந்த ஆனிக் கடைசியில் என் அண்ணன் மகன் அந்தக் காரியத்துக்காக அமெரிக்காவிலிருந்து ஐந்து டப்பாக்களைச் சுமந்து வந்ததுதான் புதிது.

அவன் வேலை பார்ப்பது போர்ட்லந்து என்ற ஊரில். நம் ஊரில் தெருவுக்குத் தெரு மாவு மில் இருந்ததைப் போல அங்கே தெருவுக்குத் தெரு பீர் காய்ச்சுகிற சிறு ஆலைகள் இருக்கின்றனவாம். ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு கைப்பக்குவம். அதற்கு ரசிகர்கள், சண்டைகள், பரிசுகள் எல்லாம் உண்டு. டப்பா ஒன்றுக்கு 355 மில்லி. ஐந்தும் சேர்ந்து இரண்டு லிட்டருக்குள் அடக்கம். அதற்கு மேல் போனால்தான் சுங்கத்தில் வரி. இப்படிக் கணக்குப் பார்த்துத்தான் பெட்டியில் வைத்திருந்தான்.

கணக்கு அவன் குடும்பச் சொத்து. அவன் தகப்பனார், என் அண்ணன், மரக்கடையில் கணக்கு எழுதியவர். ஊர்க் கணக்கெல்லாம் பிசகாமல் எழுதிய மனிதருக்குத் தன் கணக்கு மட்டும் கைவரவில்லை. அவர் இறந்து எட்டு வருஷமாகிறது. ஈரலைக் குடி தின்றுவிட்டது. மதினி இப்போதும் எங்கள் வீட்டிலேதான் இருக்கிறாள். அவள் முன்னால் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

"சித்தப்பா, நான் உங்களக் குடிக்கக் கூப்பிடல. ருசி பாக்கக் கூப்பிடுதேன். நீங்க எழுதுறவங்க. உங்க நாக்கும் வேணும், வார்த்தையும் வேணும்" என்றான் பையன். ஓர் எழுத்தாளனை விழத்தட்ட இதைவிடக் குறுக்குவழி கிடையாது. அண்ணன் போன பிறகு நான் அந்தப் பக்கமே தலைவைத்ததில்லை. இருந்தும் போனேன். வீட்டில் அல்ல, ஐந்தருவி போகிற பாதையில் ஒரு சிநேகிதருடைய தோப்பு வீட்டில்.

சாரல் ஓட்டின் மேல் மாவு சலிப்பதைப் போல விழுந்துகொண்டிருந்தது. பையன் நாலு சின்னக் கண்ணாடிக் கோப்பைகளைத் துணியிலிருந்து பிரித்து வைத்தான். ஒரு நோட்டுப் புத்தகம். நடுவில் வாய் அலம்பத் தண்ணீர். நிறம், வாசனை, வாயில் நிற்கும் கனம், விழுங்கிய பின் மிஞ்சுகிற ருசி என்று நோட்டில் கட்டம் போட்டிருந்தான். பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூட இத்தனை கட்டம் போடமாட்டார்கள்.

பீர் என்றால் ஒரே வஸ்து என்றுதான் நான் நினைத்திருந்தேன். வஸ்து நாலுதான்: முளைக்கவைத்த பார்லி, ஹாப்ஸ் என்ற ஒரு கொடியின் பூ, ஈஸ்ட், தண்ணீர். நாலு சுரத்தை வைத்துக்கொண்டு நாற்பது ராகம் பாடுவதைப் போல இந்த நாலை வைத்துக்கொண்டு அவர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். முளைத்த பார்லியை இளசாக வாட்டினால் பொன்னிறம்; காப்பிக்கொட்டை மாதிரிக் கருக வறுத்தால் கறுப்பு. ஹாப்ஸ் பூவை முன்னாலே போட்டுக் கொதிக்கவிட்டால் கசப்பு; கடைசியில் போட்டால் வாசனை. ரசத்தில் கொத்தமல்லித் தழையை எப்போது போடுவது என்பதைப் பற்றி எங்கள் வீட்டில் நடக்கும் சர்ச்சைக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. தண்ணீரும் பேசும் என்றான். இங்கிலாந்தில் பர்ட்டன் என்ற ஊரின் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், அது கசப்பைத் தூக்கிக் காட்டும். பில்சன் நகரத்துத் தண்ணீர் மென்மையானது, அதில் மெல்லிய பொன்னிற பீர்தான் சிறக்கும். "நம்ம குத்தாலத் தண்ணி பாறையில வாறது. பில்சன் பீருக்கு அமையும்னு நெனைக்கேன் சித்தப்பா." திருக்குற்றாலநாதர் மன்னிக்க வேண்டும்.

முதலாவது கோதுமை சேர்ந்தது. மோர்த் தெளிவு மாதிரிக் கலங்கலாக இருந்தது. அதில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவது பெல்ஜியத்து வழக்கம், அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. கல்யாண வீட்டில் வாசலில் தெளிக்கிற பன்னீர், அவ்வளவுதான்.

இரண்டாவதுதான் இன்று அமெரிக்கர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற இந்தியா பேல் ஏல். மூக்கருகே கொண்டுபோனதும் நாரத்தை இலையைக் கசக்கிய வாசனை. வாயில் விட்டால் வேப்பம்பூக் கசப்பு. துப்பிவிடலாமா என்று இருந்தது. இரண்டாவது மடக்கில் அந்தக் கசப்புக்குள் ஒரு பழ வாசனை கதவைத் திறந்துகொண்டு வந்தது. பெயரில் இந்தியா எப்படி வந்தது என்று கேட்டேன். பம்பாயிலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் இருந்த வெள்ளைக்காரத் துரைமார்களுக்காக இங்கிலாந்திலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கப்பலில் வந்த பீர் அது. ஹாப்ஸ் கூடுதலாக இருந்தால் பீர் கெடாது. ஆகவே கசப்பு பாதுகாப்புக்காகச் சேர்ந்தது. பிற்பாடு அதுவே ருசியாகிவிட்டது. நம்முடைய ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் இதே சரித்திரம்தான். அவசியத்துக்காக வந்து ஆசையாக மாறிய பண்டங்கள்!

மூன்றாவது புளிப்பு பீர். கோஸ என்று ஜெர்மானியர்களின் பழைய வகையாம். உப்பும் மல்லியும் போட்டது. ஒரு மடக்கு விழுங்கிவிட்டுச் சிரித்துவிட்டேன். "ஏல, இது நீராகாரம்லா!" பழைய சோற்றுத் தண்ணீரில் உப்புப் போட்டு எங்கள் பாட்டி கொடுத்தது, ஏழு கடல் தாண்டி டப்பாவில் திரும்பி வந்திருக்கிறது. பையன் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டான்.

ஒவ்வொன்றிலும் கோப்பையில் இரண்டு அங்குலம்தான் ஊற்றினான். மிச்சத்தை எடுத்துக்கொண்டு போய்த் தென்னை மூட்டில் கொட்டினான். எனக்கு மனசு பதறிவிட்டது. அவ்வளவு தூரம் வந்த பொருளல்லவா! "ருசி பாத்தாச்சுல்லா, பெறகு எதுக்கு?" என்றான். அந்த ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். நாலாவது டப்பாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் அண்ணன் குடித்த விதம் கண் முன்னால் நிற்கிறது. தம்ளரில் பாதி ஊற்றி, தண்ணீர் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் கவிழ்ப்பார். முகம் கோணும். உடனே எலுமிச்சை ஊறுகாயை நாக்கில் தடவுவார், வந்த ருசி போவதற்காக! விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளையைப் போலத்தான் அவர் பத்து வருஷம் குடித்தார். அந்தத் திரவத்தின் ருசி என்ன என்று அவரைக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கமாட்டார். அவருக்கு வேண்டியிருந்தது அதற்கு அப்பால் இருந்த ஒன்று.

பையனுடைய சித்தாந்தம் இதுதான்: "அப்பா ருசி பாத்திருந்தா குடிச்சிருக்கமாட்டாங்க." ருசிக்கிறவன் நிறுத்தத் தெரிந்தவன், மடக்குகிறவன்தான் மூழ்குகிறான் என்கிறான். தகப்பனைக் குடிக்குப் பறிகொடுத்த பிள்ளை, தகப்பன் சத்துருவோடு சமாதானம் பேசிப் பழகியிருக்கிறான் என்று எனக்குப் பட்டது. அவனுக்குச் சாட்சியாகச் சரித்திரமும் இருக்கிறது. அமெரிக்காவில் 1920-ல் மதுவிலக்கு வந்தது; 1933 டிசம்பரில் போயிற்று. குடி நின்றதோ என்னவோ, பழைய சிற்றாலைகளில் பெரும்பாலானவை நின்றுபோயின. பிறகு நாடு முழுவதும் ஒருசில பெருமுதலாளிகளின் வெளிறிய ஒரே மாதிரி பீர்தான். 1970-களின் கடைசியில் அந்தப் பெரிய தேசத்தில் நூறு ஆலைகள்கூட இல்லை. 1965-ல் மேடாக் என்ற இளைஞர் சான் பிரான்சிஸ்கோவில் மூடப்போகிற நிலையிலிருந்த ஆங்கர் என்ற பழைய ஆலையை வாங்கிப் பழைய முறைகளை உயிர்ப்பித்தார். (அந்த ஆலையே 2023-ல் மூடிவிட்டது, ருசிக்கும் ஆயுசு உண்டு.) வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு இருந்த தடையை நீக்கும் சட்டத்தில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். அடுக்களையில் காய்ச்சிப் பழகியவர்கள் ஆலை வைத்தார்கள். இன்று ஒன்பதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஆக, தடை செத்தபின்னும் நாற்பது வருஷம் நாக்கு செத்தே கிடந்தது என்பது பையனுடைய வாதம்.

நம் கதை இன்னும் விசித்திரம். ராஜாஜி 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-ல் கதவு திறந்தது, 1974-ல் மூடியது, 1981-ல் மறுபடி திறந்தது. 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடை நடத்துகிறது. இன்றைய நிலைமை என்னவென்றால், கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து வடித்த சாராயத்துக்கு நிறமும் மணமும் சேர்த்து வெளிநாட்டுப் பெயர் சூட்டினால் சர்க்கார் கடையில் விற்கலாம். மாநிலத்தின் மரம் என்று நாமே பட்டம் கட்டிய பனையிலிருந்து இறங்குகிறதை விற்றால் குற்றம். புளியரையைத் தாண்டி மலையேறிக் கேரளத்துக்குள் போய்விட்டால் அதே கள்ளுக்கு உரிமம் பெற்ற கடை இருக்கிறது. தர்மம் செங்கோட்டைக்கு மேற்கே ஒரு மாதிரி, கிழக்கே ஒரு மாதிரி.

சின்ன வயசில் பாவூர்சத்திரத்துப் பக்கம் அம்மாவின் ஊரில் ஒரு பனையேறித் தாத்தா இருந்தார். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் விழுந்தால் பதனீர். தடவாத கலயத்தில் விழுந்தால் கள். ஒன்று பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கிற பானம். மற்றது போலீஸ் கேஸ். நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. கள்ளும் ஒரே பொருளல்ல: இறக்கின வேளையில் இனிக்கும், உச்சிப்பொழுதில் சுருசுருக்கும், அந்தியில் புளிக்கும், மறுநாள் காடியாகிவிடும். தாத்தா ஒரு மடக்கு பதனீரை வாயில் வைத்துக்கொண்டு, "இது ஆம்பளப் பனை... கெணத்து மேட்டுல நிக்கிறது" என்பார். என் தாய்மாமாவைப் போலல்லாமல் அவரை நாங்கள் சோதித்துப் பார்த்திருக்கிறோம். மூன்று தடவையில் இரண்டு தடவை சரியாக இருக்கும். அவரிடம் நோட்டுப் புத்தகம் கிடையாது. அவரை ரசிகர் என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. வேறு பெயர் சொன்னார்கள்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. மாதச் சம்பளக்காரன் கண்ணாடிக் கோப்பையைச் சாய்த்துப் பிடித்து முகர்ந்தால் அதற்கு ரசனை என்று பேர். மூட்டை தூக்குகிறவன் மடக்கினால் குடி. என் கட்டுரைகளைப் படிக்கிறவர்களும் நானும் முதல் ஜாதி. நம் ஊர் மதுக்கடை ஜன்னலில் நின்று பார்த்தால் யாரும் ருசியைப் பற்றிப் பேசுவதில்லை என்பது உண்மை. நூற்றெண்பது என்று அளவைச் சொல்லிக் கேட்கிறார்கள். பீர் என்றால், கூலிங் இருக்கா என்கிறார்கள். ஆனால் ருசித்துத் தேர்ந்தெடுக்கும்படி அவர்களுக்கு எதை வைத்தோம்? சங்க காலத்தில் நறவு, தேறல், தோப்பி, பிழி என்று எத்தனை பெயர்கள்! முளைக்கவைத்த நெல்லை இடித்துக் கூழில் கலந்து புளிக்கவைக்கிற பக்குவம் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. பெயர் பல இருந்த இடத்தில் ருசி பல இருந்திருக்க வேண்டும். இன்று மில்லி ஒன்றுதான் பெயர்.

அப்படியானால் பையன் சொல்வது சரிதானா? சரி என்று எழுதிவிட எனக்கு ஆசைதான். ஆனால் நன்றாக ருசிக்கத் தெரிந்து, பிரெஞ்சு திராட்சை மதுவின் வருஷத்தைக்கூடச் சொல்லத் தெரிந்து, ஜமீனையே குடித்துத் தீர்த்தவர்களின் கதைகளும் நமக்குத் தெரியும். நாக்கு நுட்பமானால் கை நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் எங்கே? உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் சொல்லிவிட்டது: உடம்புக்குக் கேடில்லாத அளவு என்று மதுவில் ஓர் அளவு கிடையாது. ஈரல் நோட்டுப் புத்தகத்தைப் படித்துப் பார்க்கிறதில்லை.

குன்னூரில் தேயிலை ஏலத்துக்கு ருசி பார்க்கிறவர்கள் வரிசையாகக் கோப்பைகளை வைத்து உறிஞ்சிப் பார்த்துத் துப்பிவிடுகிறார்கள். ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பார்த்தாலும் அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. நீங்கள் ஏன் துப்புவதில்லை என்று பையனைக் கேட்டேன். விழுங்கினால்தான் அடித்தொண்டைக் கசப்பும் மூக்குக்குத் திரும்பி வருகிற மணமும் தெரியுமாம். அதனால் பீரை மட்டும் விழுங்கித்தான் ஆக வேண்டுமாம். இருக்கலாம். ஆனாலும் சரீர சாஸ்திரம் மனிதன் ஆசைக்கு இவ்வளவு அனுசரணையாக அமைந்துவிட்டதே என்று நான் கொஞ்சம் சந்தேகப்பட்டேன்.

குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு ரசனையைப் பற்றிப் பேசுகிறவன் ரசிகமணியை நினைக்காமல் இருக்க முடியாது. டி.கே.சி. கடைசிக் காலத்தில் இங்கேதான் வாழ்ந்தார், 1954-ல் மறைந்தார். ஒரு செய்யுளை மறுபடி மறுபடி சொல்லி, கேட்கிறவன் நாக்கில் அதை ஊறவைத்துவிடுவார் என்பார்கள். அவருக்கு நெருங்கிய நண்பர் யார் என்று பார்த்தால், ராஜாஜி! ருசிக்கக் கற்றுக்கொடுத்தவரும் மதுவை ஒழிக்கப் புறப்பட்டவரும் இணைபிரியாத சிநேகிதர்கள். முன்பெல்லாம் இது எனக்கு முரணாகப் பட்டதுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. கவிதையை எத்தனை தடவை ருசித்தாலும் மிச்சத்தைத் தென்னை மூட்டில் கொட்ட வேண்டியதில்லை. மதுவில் ருசி என்பது எங்கே முடிகிறது என்று காட்ட, கொட்டிக் காட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஔவை அதியமானோடு கள் அருந்தியதைப் பாடினாள், வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார், இரண்டு பேரையும் நாம் ஒரே மேடையில் புகழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம் என்பதும் இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது.

நாலாவது டப்பாவுக்கு வருகிறேன். அது ஸ்டவுட். அடுப்புக் கரி நிறம். மேலே வெல்லப்பாகு நிறத்தில் நுரை. கருப்பட்டிக் காப்பியைக் கொஞ்சம் அடிப்பிடிக்கவிட்டு இறக்கியதைப் போல, கசப்பும் இனிப்பும் எது முன்னால் என்று தெரியாமல் வந்தது. வெளியே சாரல் பலத்துவிட்டது. நான் வார்த்தை தேடினேன்; பையன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். இன்னொரு மடக்கு குடித்தால் வார்த்தை கிடைக்கும் போலிருந்தது. இன்னொன்று. அவனும் ஊற்றிக்கொண்டான். மரக்கடைப் பேச்சு வந்தது. அண்ணன் அவனைத் தோளில் வைத்துப் பேரருவிக்கு அழைத்துப் போன பேச்சு வந்தது. எழுந்தபோது டப்பா காலி. தென்னைக்கு ஒரு சொட்டுப் போகவில்லை. நோட்டில் நாலாவது கட்டம் வெறுமையாக இருந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தோம். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோப்பைகளைப் பையிலேயே விட்டுவிட்டான். மறுநாள் காலையில் மதினி துவைக்கத் துணி எடுக்கப் போனவள் கையில் அவை அகப்பட்டன. நான் பட்டாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கறுப்பு படிந்திருந்த கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்ன இது?" என்றாள்.

"காப்பி மாதிரி ஒண்ணு, மதினி" என்றேன். நாற்பது வயசு கடந்தவன், ஊருக்குக் கட்டுரை எழுதுகிறவன், சொன்ன பதில் இது. பையன் பின்கட்டிலிருந்து வந்து, "பீரும்மா. நானும் சித்தப்பாவும் குடிச்சோம்" என்றான். ருசி பார்த்தோம் என்று சொல்லவில்லை.

அவள் இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தாள்.

"உங்க அப்பா வாடை இது இல்ல" என்றாள். கோபமாகச் சொன்னாளா, ஆறுதலாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நாலு கோப்பைகளையும் புளி போட்டுத் தேய்த்து, நம் தம்ளர்களோடு சேர்க்காமல் தனியாகக் கவிழ்த்து வைத்தாள்.

பையன் ஆடி பிறக்கும் முன்பே புளியரை வழியாகத் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறிவிட்டான். ஐந்தாவது டப்பா எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில், இட்லி மாவுச் சட்டிக்குப் பின்னால் இருக்கிறது. மதினி தினம் காலையில் மாவை எடுக்கும்போது அதை ஒதுக்கிவிட்டு எடுக்கிறாள்; மறுபடி அதே இடத்தில் வைக்கிறாள். அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.